ஐந்தாம் அத்தியாயத்தில் அப்பா இல்லை

லிஃப்ட் மெக்கானிக் தன்னுடைய மரணத்தைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டது ஒரு பெற்றோர் கூட்டத்தில். புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணி.

அதுவரை அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு விரல்கூடப் போனதில்லை. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மார்க் எப்படி என்று கேட்டுப் போகலாம் என்றுதான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். மெலிந்த மனிதர், மென்மையான குரல். சட்டைப்பையில் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. மேசைப் பலகையில் 'துன்ப ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதியிருந்தது.

"வாங்க சார். இன்னும் நீங்களேதான் வர்றீங்களா?"

"பின்னே? யாரு வருவாங்க?"

"இல்ல, சில வீட்டுல இந்நேரம் சித்தப்பா, மாமான்னு யாரையாவது பழக்கிவிட ஆரம்பிச்சிருப்பாங்க." அவர் மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பெல்லாம் எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

"ஓ." குரல் இறங்கிவிட்டது. கோப்பில் பென்சிலால் ஏதோ குறித்தார். "பரவாயில்ல. முழு ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே."

அந்தப் பள்ளிக்கு ஊரில் நல்ல பெயர். இளம் எழுத்தாளர் வளர்ப்புத் துறை என்று தனியாக ஒன்று வைத்திருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி அதுதான். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் ஒவ்வொரு மாணவரும் தன் சுயசரிதையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறந்தது முதல் பெரிய விருது வாங்குவது வரை பன்னிரண்டு அத்தியாயம். மற்ற இடங்களில் வாழ்ந்து முடித்துவிட்டு எழுதுகிறார்கள். அதில் காலம் வீணாகிறது. இங்கே முதலில் எழுதி, மதிப்பெண் வாங்கி, மை காய்ந்த பிறகு வாழத் தொடங்குவார்கள். கையெழுத்துக்குப் பத்து மதிப்பெண். நடைக்குப் பத்து. துன்பத்துக்கு எண்பது.

"உங்க பொண்ணு எழுபத்தாறு," என்றார் ஒருங்கிணைப்பாளர், கோப்பைத் திருப்பி வைத்தபடி. "போன வருஷத்துலயே ரெண்டாவது அதிகம். படிச்சுப் பாருங்க. அஞ்சாவது அத்தியாயம்."

தலைப்பு: அப்பா இல்லாத வீடு.

'நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, மழை பெய்த ஒரு வியாழக்கிழமை, அப்பா லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். மேலே யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அன்று மாலை எங்கள் அலமாரியில் அவருடைய சட்டை மட்டும் தோளைத் தளர்த்திக்கொண்டு தொங்கியது.'

மெக்கானிக் இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை, வெட்கமாகத்தான் இருந்தது, கண் கலங்கிவிட்டது.

ஒருங்கிணைப்பாளர் கைக்குட்டையை நீட்டினார். "எல்லாரும் அந்தச் சட்டை இடத்துலதான் சார் அழுவாங்க."

"சார், இது கதைதானே? குழந்தை ஏதோ கற்பனையா..."

"கதையா?" அவர் முகம் சுருங்கியது. "சுயசரிதை சார். சுயசரிதைல பொய் எழுதறது எங்க பள்ளிக்கூடத்துல பெரிய குற்றம்."

*

"என்னடி இது? அப்பாவைக் கொன்னு வச்சிருக்கே?" என்றாள் அம்மா.

மகளை வீட்டில் சுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதுக்கு மீறிய குள்ளம், வயதுக்கு மீறிய வாய். அன்று அந்த வாய் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. சலவைக்கடையில் எட்டு மணி நேரம் இஸ்திரி போட்டுவிட்டு வந்த அம்மா, கொண்டையை அவிழ்க்காமலே நடுவில் நின்றாள்.

"சொல்லு சுண்டு. அப்பா திட்டமாட்டேன்," என்றார் மெக்கானிக்.

"முதல்ல பூனைக்குட்டி காணாமப் போச்சுன்னு எழுதினேன்பா. நாலு மார்க் போட்டாங்க. அப்புறம் உன் சைக்கிள் திருடு போச்சுன்னு எழுதினேன். ஏழு. மிஸ் சிவப்பு மையில, 'வீட்டில் அனைவரும் நலமா? சிந்திக்கவும்'னு எழுதியிருந்தாங்க." மூக்கை உறிஞ்சினாள். "அம்மாவை எழுதினா எழுபத்தொம்பது தர்றேன்னாங்க. எனக்கு மனசு வரல."

"என்னை எழுத மனசு வரல, இவரை எழுத மட்டும் வந்துச்சா?" என்றாள் அம்மா. பிறகு வேறு குரலில், "ஆமா, எனக்கும் இவருக்கும் மூணு மார்க்குதானா வித்தியாசம்?"

"நீ சும்மா இரு," என்றார் மெக்கானிக். "நாளைக்குப் போய்ப் பேசிக்கறேன். படிச்சவங்க. சொன்னாப் புரியும்."

*

தலைமையாசிரியர் அறையில் ஒரே ஒரு புகைப்படம்தான் மாட்டியிருந்தது. பள்ளியின் முன்னாள் மாணவர், நாடறிந்த எழுத்தாளர். அம்மாவை இழந்ததைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பதினொரு விருது வாங்கியது. படத்தில் அவர் சிரிக்கவில்லை.

"உட்காருங்க," என்றார் தலைமையாசிரியர். "நீங்க கவலைப்படறது எனக்குப் புரியுது. உங்க பொண்ணோட எதிர்காலத்தை நினைச்சுதானே?"

"இல்ல சார், என்னோட எதிர்காலத்தை நினைச்சு."

தலைமையாசிரியர் அதை ரசித்துச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் பேசிப் பேசி வழுவழுப்பான பேச்சு.

"நூறு பெரிய எழுத்தாளர்களோட வாழ்க்கையை நான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். நூறு பேருக்கும் சின்ன வயசுல ஒரு பெரிய கஷ்டம். எங்களுக்கு முன்னாடி எல்லாப் பள்ளிக்கூடமும் என்ன பண்ணிச்சு? இலக்கணம் சொல்லிக் கொடுத்துட்டு, கஷ்டத்தை அதிர்ஷ்டத்துக்கு விட்டுடுச்சு! வசதியான பையனுக்குக் கஷ்டம் கிடைக்காது. இது அநியாயம் இல்லையா? நாங்கதான் முதல்முதலா எல்லாருக்கும் சமமா ஏற்பாடு பண்ணினோம். இருபது வருஷமா வெற்றி நூத்துக்கு நூறு."

"அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் திருத்தி எழுதச் சொல்லலாமே சார்?"

"மையில இருக்கு. எழுதினதைத் திருத்தினா அது பொய். வாழ்க்கையைத் திருத்தினா அது முயற்சி. நாங்க முயற்சியைத்தான் ஊக்குவிக்கறோம்."

"கால் உடைஞ்சா ஆகாதா சார்? ஒரு கால்?"

"பத்து மார்க்." தலைமையாசிரியர் உண்மையாகவே யோசித்தார். "ரெண்டு காலும்னா பதினெட்டு. எழுபத்தாறுக்கு எட்டாது. வேணும்னா மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டுப் போங்க. ஆனா நடத்தைங்கிற இடத்துல 'எழுதியபடி வாழாதவர்'னு போடுவோம். அதைப் பார்த்துட்டு வேற எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்காது. பத்தாவதோட படிப்பு நின்னுடும். உங்க இஷ்டம்."

வெளியே வந்த மெக்கானிக், வழி தவறிக் கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டார். அங்கே நீளமான ஒரு கொட்டகை. ஏழெட்டு ஆண்கள் பனியனோடு உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா?" என்றார் ஒருவர். "எந்தப் பையனோட அப்பா?"

"நீங்கள்லாம் யாரு?"

"நாங்க குடும்பத்தை விட்டு ஓடிப்போனவங்க. ஐம்பத்திரண்டு மார்க். பையன் வெற்றி பெற்றதும் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லியிருக்காங்க." சீட்டைப் போட்டார். "என் வீடு அதோ, அந்த மஞ்சள் மாடி. சாயங்காலம் என் பொண்டாட்டி துணி காயப் போடறது தெரியும். கையாட்டக் கூடாது. ஆட்டினா மார்க் போயிடும்."

"எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"பையன் காலேஜ் முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. இன்னும் வெற்றி பெறல." அவர் மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு என்ன எழுதியிருக்கு?"

மெக்கானிக் சொன்னார்.

ஆட்டம் நின்றது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சீட்டைக் கீழே வைத்தார்கள். ஓடிப்போனவர் எழுந்து, தன் ஸ்டூலைத் துடைத்து, "உட்காருங்க அண்ணே," என்றார்.

*

அதற்குப் பிறகு பள்ளி எதையும் மறைக்கவில்லை. எல்லாமே முறைப்படி நடந்தது.

முதலில் ஒரு புகைப்படக்காரர் வந்தார். "கொஞ்சம் சிரிப்பைக் குறைங்க சார். பெரிசாக்கி ஹால்ல மாட்டறது." பிறகு இரங்கல் தீர்மானத்தின் நகல் தபாலில் வந்தது, விவரம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்திட்டு ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம். 'எளிமையானவர், நேரம் தவறாதவர்' என்று இருந்தது. மெக்கானிக் 'நேரம் தவறாதவர்' என்பதை மட்டும் அடித்துவிட்டு அனுப்பினார். ஒரு நாள் அவர் பள்ளி வழியாகப் போனபோது சுண்டுவின் வகுப்பே மைதானத்தில் தலை குனிந்து நின்றது. மௌன அஞ்சலிக்கு ஒத்திகை. ஒரு பையன் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டான். ஆசிரியை அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்.

மெக்கானிக் தன்னால் ஆனதைச் செய்தார். மழை பெய்யும் வியாழக்கிழமைகளில் வேலைக்குப் போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எதிர்த்த நடைபாதையில் ஒருங்கிணைப்பாளர் குடையோடு நிற்பார். கோபமே கிடையாது.

"இன்னைக்குத் தூறல்தான் சார்," என்று கீழேயிருந்து ஆறுதல் சொல்வார். "இதை மழைன்னு எடுத்துக்க முடியாது. நிம்மதியாப் படுங்க."

சுண்டு இளைத்துவிட்டாள். ஒரு நாள் கோப்பு அறைக்குள் புகுந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டாள். மறுநாள் பள்ளியில் அதன் மூன்று நகல்களைக் காட்டினார்கள். 'ஆர்வம் மிக்கவர்' என்று முன்னேற்ற அட்டையில் குறிப்பு எழுதியனுப்பினார்கள்.

அம்மா சலவைக்கடையில் வந்த ஒரு போலீஸ்காரரின் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பள்ளிக்கூடமா? அங்க சீட் கிடைக்கறதே கஷ்டமாச்சேம்மா!" என்றார்.

மெக்கானிக்கின் லீவு தீர்ந்தது. முழு ஆண்டுத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆண்டு விழா வியாழக்கிழமை என்று அறிவித்தார்கள்.

*

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. தூறல் இல்லை, அடைமழை.

இரண்டு மணிக்குக் கம்பெனி மேலாளர் போன் பண்ணினார். "பள்ளிக்கூடத்துல லிஃப்ட் நின்னுடுச்சாம். குழியில தண்ணியாம். உன்னைத்தான் பேர் சொல்லிக் கேக்கறாங்க."

"வேற யாரையாவது அனுப்புங்க சார். உடம்பு சரியில்ல."

"போன மூணு வியாழக்கிழமையும் இதையேதான் சொன்னே. விழாவுக்கு யாரோ பெரிய எழுத்தாளர் வர்றாராம், முழங்கால் வலியாம். போகலைன்னா நாளையிலிருந்து வராதே. அவ்வளவுதான்."

மெக்கானிக் கருவிப் பையை எடுத்தார். அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. லிஃப்ட்டில் வேலை என்றால் முதலில் மொட்டை மாடி இயந்திர அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பதினெட்டு வருடம் உயிரோடு இருந்ததன் இரகசியம் அதுதான். பூட்டுப் போட்ட பிறகு எமனே வந்தாலும் தன்னிடம் சாவி கேட்டாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. தவிர, இன்னொரு எண்ணமும் இருந்தது. கைக்குட்டை மடித்து வைத்திருக்கிற மனிதர்கள் கடைசி நிமிடத்தில் எப்படியும் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தார்.

இயந்திர அறையில் பியூன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டி.

"இங்க என்ன பண்றீங்க அண்ணே?"

"இன்னைக்கு உங்க பாப்பா வாசிக்குதாமே. இங்கதான் தெளிவாக் கேக்கும்."

பியூனின் பக்கத்தில் சுவரில் புதிதாக ஒரு சுவிட்ச் பெட்டி இருந்தது. சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மேடை விளக்குக்கு என்று நினைத்து மெக்கானிக் தன் பூட்டைப் போட்டார். இறங்கும் வழியில் ஒவ்வொரு மாடி லிஃப்ட் கதவிலும் பலகை மாட்டி, முதல் மாடியில் நனைந்த மழைக்கோட்டையும் தொங்கவிட்டார். லிஃப்ட் பெட்டி மூன்றாம் மாடியில் நின்றது. தரைத்தளக் கதவைத் திறந்து, ஐந்தடிக் குழிக்குள் இறங்கினார். கணுக்கால் அளவு தண்ணீர். குழியிலும் ஒரு நிறுத்து சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டினார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், அதன் குறுக்கே ஒரு புது ஒயர். அந்தச் சுவிட்ச் இனி எதையும் நிறுத்தாது.

தலைக்கு மேல் தரைத்தளக் கதவு மூடிக்கொண்டது. வெளியே கனமான எதையோ இழுத்து முட்டுக் கொடுக்கும் சத்தம்.

"விருந்தினர் சோபா சார்," என்று ஒருங்கிணைப்பாளரின் குரல் கதவிடுக்கில் கேட்டது. "சிரமத்துக்கு மன்னிக்கணும்."

"யோவ்! கதவைத் திற! நான் மெயினைப் பூட்டியிருக்கேன், ஒண்ணும் பண்ண முடியாது!"

"தெரியும் சார். அதான் ஜெனரேட்டர்லேருந்து தனி லைன் இழுத்திருக்கோம். பயப்படாதீங்க, எல்லாம் முறைப்படிதான் நடக்கும். பாப்பா அந்தச் சுவிட்ச் வாக்கியத்தை வாசிச்ச பிறகுதான் பியூன் போடுவார். அதுக்கு முன்னாடி போட்டா அது விபத்து. பள்ளிக்கூடம் பொறுப்பேத்துக்க முடியாது."

காலடிகள் மாடிப்படியில் ஏறிப் போயின. எங்கோ ஜெனரேட்டர் இருமி, பிறகு சீராக உறுமத் தொடங்கியது.

*

விழா மண்டபம் முதல் மாடியில், லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. ஒவ்வொரு தளத்திலும் ஸ்பீக்கர் வைத்திருந்ததால் குழிக்குள்ளும் எல்லாம் கேட்டது.

தலைமையாசிரியர் பேசினார். "ஒரு விதை மரமாக வேண்டும் என்றால் அதை மண்ணில் புதைத்தாக வேண்டும். நம் பள்ளி புதைக்கத் தயங்கியதே இல்லை." கைதட்டல். "இன்றைய சிறப்பு: வாசிப்பும் நிகழ்வும் ஒரே நேரத்தில். வாசிக்கும் மாணவரை யாரும், நான் உட்பட, இடைமறிக்கக் கூடாது என்பது நம் பள்ளியின் முதல் விதி. அதேபோல, அத்தியாயம் முடியும்போது அதன் தலைப்பு உண்மையாகி இருக்க வேண்டும். அது இரண்டாவது விதி."

மைக் உயரத்தைக் குறைக்கிற கிறீச்சொலி. பிறகு சுண்டுவின் குரல்.

"ஐந்தாம் அத்தியாயம். அப்பா இல்லாத வீடு." தாள் புரளும் சத்தம். "நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, மழை பெய்த ஒரு வியாழக்கிழமை, அப்பா லிஃப்ட் குழிக்குள் இறங்கினார்."

நின்றாள்.

மண்டபத்துக் கதவு வழியாக, எதிரே லிஃப்ட்டில் தொங்கிய 'பழுது பார்க்கப்படுகிறது' பலகை அவளுக்குத் தெரிந்தது. பலகைக்குக் கீழே கம்பெனியின் ஆரஞ்சு நிற மழைக்கோட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது. ஜெனரேட்டர் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

குழிக்குள் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாக்கியம் அவருக்கு மனப்பாடம்.

"இறங்குவதற்கு முன்," என்றது ஸ்பீக்கர், "அவர் டார்ச்சைத் தட்டிப் பார்த்தார்."

அது கோப்பில் இல்லை.

"டார்ச் நன்றாக எரிந்தது. அதன் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறல் எப்படி வந்தது என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும்." சொன்னாள். மூன்று நிமிடம் சொன்னாள். பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அப்பா குழியில் சும்மா நிற்கவில்லை. சுவரைப் பார்த்தார். பெட்டி ஓடும் தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புப் பிடிகளைப் பார்த்தார். அதில் கால் வைத்து ஏறலாம் என்று அவர் சாப்பிடும்போது எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே பேசாதீங்க என்று திட்டினாள். முதல் பிடியில் அப்பா வலது காலை வைத்தார்."

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். முதல் பிடியில் வலது காலை வைத்தார்.

"அது வழுக்கியது. கிரீஸ். ஆகவே அவர் செருப்பைக் கழற்றினார்."

கழற்றினார்.

இயந்திர அறையில் பியூன் ரிப்பன் சுவிட்சின் மேல் கை வைத்தபடி ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் தலைமையாசிரியர் கையிலிருந்த நகலைப் புரட்டி, திரும்பப் புரட்டிப் பார்த்தார். தன் விதியைத் தானே மீற முடியாமல் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சுண்டு இரண்டாவது பிடியைச் சொன்னாள், மூன்றாவதைச் சொன்னாள், நடுவில் மூச்சு வாங்க ஒரு பல்லியைக் கொண்டுவந்தாள். அதற்கு ஒரு குடும்பம் இருந்தது. பெற்றோர்கள் சிரித்தார்கள். ஒரு குழந்தை, பல்லிக்கு என்ன ஆச்சு என்று கேட்டது. ஒன்பதாம் வகுப்பில் எழுபத்தாறு வாங்கியபோது அவளுக்கு இப்படி ஒரு வாக்கியம்கூட வந்ததில்லை.

"முதல் மாடிக் கதவின் உள்பக்கம், மேலே ஒரு சின்ன உருளை இருக்கும்," என்றாள். "அதைத் தள்ளினால் கதவு திறக்கும். வெளியாட்களுக்கு அது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்."

மண்டபத்துக்கு எதிரே லிஃப்ட் கதவு திறந்தது. முழங்கை வரை கிரீஸ் பூசிய ஒரு மனிதர், வெறுங்காலோடு, தவழ்ந்து வெளியே வந்தார்.

இருநூறு தலைகள் திரும்பின.

"உட்காருங்க," என்றார் தலைமையாசிரியர் பதற்றமாக, அடிக்குரலில். "வாசிப்பு நடக்குது."

முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர், அம்மாவை இழந்ததை எழுதிப் பதினொரு விருது வாங்கிய எழுத்தாளர், மட்டும் எழுந்து நின்றார். சுண்டு அவரைப் பார்த்தாள். அவர் மைக் இல்லாமல், மெதுவாகப் பேசினார். மெக்கானிக் அதற்குள் முன்வரிசைப் பக்கம் வந்துவிட்டதால் அவருக்கும் கேட்டது.

"நிறுத்திடாதேம்மா. நான் நிறுத்திட்டேன்."

சுண்டு நிறுத்தவில்லை. "அப்பா மேடைக்கு வந்தார்," என்றாள். மெக்கானிக் போனார். "என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. நாங்கள் இருவரும் படியில் இறங்கினோம். யாரும் தடுக்கவில்லை. ஏனென்றால் அத்தியாயம் இன்னும் முடியவில்லை."

யாரும் தடுக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் மட்டும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கி, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

*

பஸ்ஸில் கூட்டம் இல்லை. சுண்டு ஜன்னலோரம், பக்கத்தில் மெக்கானிக், அவர்களுக்குப் பின்சீட்டில் ஒருங்கிணைப்பாளர், மடியில் திறந்த கோப்போடு. சுண்டு பேசிக்கொண்டே வந்தாள். மழையைச் சொன்னாள், கண்டக்டரின் மீசையைச் சொன்னாள், சிக்னலில் நின்ற ஒவ்வொரு வண்டியையும் சொன்னாள். ஒருங்கிணைப்பாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"அவசரம் இல்லம்மா," என்றார் நடுவில் ஒரு தடவை. "எங்க முடிக்கறியோ அங்க பார்த்துக்கலாம். லிஃப்ட்டே வேணும்னு இல்ல. பஸ்ஸும் வண்டிதான்."

நாலாவது நிறுத்தத்தில் சுண்டுவின் குரல் கம்மியது. ஐந்தாவதில் இருமினாள். "அப்பா..." என்றாள். "அப்பா வந்து..." தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். காற்றுதான் வந்தது.

பின்சீட்டில் பேனா நின்றது. ஒருங்கிணைப்பாளர் நிமிர்ந்து, பஸ்ஸின் திறந்த வாசற்படியையும் மெக்கானிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார்.

மெக்கானிக் வாழ்க்கையில் ஒரு கதைகூடச் சொன்னதில்லை. கடைசியாகக் கட்டுரை எழுதியது எட்டாம் வகுப்பில், மூன்று வரி, அடி வாங்கினார்.

"அப்புறம்," என்றார் சத்தமாக. "அப்புறம் அந்த மெக்கானிக் வீட்டுக்குப் போறான். பொண்ணுக்குச் சுடுதண்ணி வச்சுக் குடுக்கறான். பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்கறான். செருப்பு எங்கேன்னு கேப்பா. அதுக்கு அவன் ஒரு பதில் சொல்லணும், அது கொஞ்சம் பெரிய பதில்."

ஒருங்கிணைப்பாளர் நின்ற வாக்கிலேயே யோசித்தார். பிறகு உட்கார்ந்து, எழுதினார்.

"மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில ஆறு மாடி லிஃப்ட், சர்வீஸ் பாக்கி. போவான். கயிறு தேய்ஞ்சிருக்கான்னு பார்ப்பான். ஆறு கயிறு. ஒவ்வொண்ணாப் பார்க்கணும்."

"எத்தனை மணிக்கு சார்?"

"ஒன்பதரைக்கு."

"ஒன்பதரை..." எழுதினார். சுண்டு அப்பாவின் தோளில் சாய்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். பஸ் மழைக்குள் திரும்பியது.

"அப்புறம்?" என்றார் ஒருங்கிணைப்பாளர், பேனாவைத் தயாராகப் பிடித்தபடி.

மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. உதட்டை நக்கிக்கொண்டார்.

"அப்புறம் சனிக்கிழமை," என்றார்.